கினோவா: அப்படியே அவிப்பதா, முளைக்க வைப்பதா, மாவாக்குவதா?

அவிந்த கினோவாவை ஒரு கரண்டியில் அள்ளிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளை நூல் ஒன்று வளைந்து பிரிந்து நிற்கும். பலர் இதை முளை என்று எண்ணி, 'ஊறப்போட்ட உடனேயே முளைத்துவிட்டது' என்று சந்தோசப்படுகிறார்கள். அது முளை இல்லை, விதைக்குள் முதலிலிருந்தே இருந்த முளையம். நெல்லில் முளையம் ஒரு மூலையில் ஒட்டிக்கிடக்கும். கினோவாவில் அது மணியின் விளிம்பைச் சுற்றி மோதிரம்போல் வளைந்து கிடக்கிறது, நடுவில் மாப்பொருள். அவியும்போது நடுப்பகுதி வீங்க, மோதிரம் கழன்று வெளியே வருகிறது. கொழுப்பும் அந்தக் கொழுப்பைக் காக்கும் விற்றமின் ஈயும் செறிந்திருப்பது இந்த மோதிரத்தில்தான். முளைக்க வைத்தால் என்ன ஆகும், தீட்டினால் என்ன ஆகும், மாவாக்கினால் ஏன் காறுகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது.

மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் பெரிய கடைகளில் கினோவா பக்கற்றில் கிடைக்கிறது. இறக்குமதிச் சாமான் என்பதால் பயறைவிடப் பல மடங்கு விலை. வாங்குவோரில் சீனி வருத்தக்காரர் ஒரு பகுதி, பிள்ளைகளுக்குச் சத்துமா செய்வோர் இன்னொரு பகுதி. இரு பக்கத்தாரும் கேட்பது ஒன்றுதான்: முளைக்க வைத்தால் நல்ல கொழுப்பும் விற்றமின் ஈயும் கூடுமா, அந்தப் பாடுபடுவதில் பலன் உண்டா?

கையில் இருப்பது எவ்வளவு

சிலர் இதைச் சீமைத்தினை என்கிறார்கள். ஆனால் தினைக்கும் இதற்கும் உறவில்லை. தண்டுக்கீரையும் பீற்றூட்டும் சேர்ந்த குடும்பத்துச் செடி, தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டது. காய்ந்த மணி 100 கிராமில் கொழுப்பு 6 கிராம், புரதம் 14 கிராம், மாச்சத்து 64 கிராம் அளவில் இருக்கிறது. கடைசி எண்ணைச் சீனி வருத்தக்காரர் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். கினோவா சோற்றுக்குப் பதில் உண்ணும் உணவு. சோற்றோடு கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் மருந்து என்று நினைத்தால் சீனி ஏறத்தான் செய்யும்.

அந்த 6 கிராம் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா 6. கால்வாசி ஒலெயிக் அமிலம். ஒமேகா 3 வகையான அல்பா லினோலெனிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. இதயத்துக்கு ஏற்ற கொழுப்புத்தான், ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் வேகமாகக் கெடுகிற கொழுப்பும் இதுவே. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாவைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

விற்றமின் ஈ என்று பொதுவாகச் சொன்னாலும் அது தொக்கோபெரோல் என்னும் ஒரு கூட்டம். மனித உடல் பிடித்து வைத்துக்கொள்வது முக்கியமாக அல்பா தொக்கோபெரோலை. கினோவாவில் கூடுதலாக இருப்பதோ காமா வகை. 100 கிராம் காய்ந்த மணியில் அல்பா ஏறத்தாழ 2.4 மில்லிகிராம், காமா அதைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் அல்பா வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒருவர் ஒரு வேளைக்கு 50 கிராம் மணி அவித்தால் கோப்பையில் விழுவது சுமார் 1.2 மில்லிகிராம். தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

முளைக்கும்போது நடப்பது

தண்ணீர் உறிஞ்சியதும் விதைக்குள் நொதியங்கள் வேலை தொடங்குகின்றன. வேர் நீட்ட, தண்டு எழும்ப விதைக்குச் சக்தி வேண்டும். முதலில் செலவாவது கைக்கெட்டும் சீனியும் மாப்பொருளும். கொழுப்பு, சேமிப்புப் பணம் மாதிரி. லைப்பேசு என்ற நொதியம் அதை உடைத்துச் சுயாதீனக் கொழுப்பமிலங்களாக்க, அவை மெல்ல மெல்லச் சீனியாக மாறி நாற்றைக் கட்டப் போகின்றன. முதல் ஒரு நாளில் மொத்தக் கொழுப்பு பெரிதாக இறங்காது. நாள் கூடக் கூட இறக்கம் தெரியும். கொழுப்பமிலங்களின் கலவை, பாதி லினோலெயிக், கால் ஒலெயிக் என்ற அந்தப் பங்கீடு, ஓரிரு நாளில் தலைகீழாகிவிடுவதில்லை.

அப்படியானால் 'முளைத்த கினோவாவில் கொழுப்பு கூடியது' என்றும் 'குறைந்தது' என்றும் இரண்டு விதமாகவும் எப்படி எழுதுகிறார்கள்? பெரும்பாலும் எதை 100 கிராம் என்று எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் மணியில் 6 கிராம் கொழுப்பு. ஊறி முளைத்ததும் தண்ணீரோடு அது 200 கிராம் ஆகிறது என்று வையுங்கள். இப்போது 100 கிராம் ஈர முளையில் 3 கிராம்தான். கொழுப்பு பாதியாகிவிட்டது என்று எழுதலாம், ஆனால் ஒரு துளியும் எங்கும் போகவில்லை. அதே முளையைப் பழைய ஈரப்பதத்துக்கே காயவைத்து நிறுத்தால், சுவாசத்தில் மாப்பொருள் எரிந்துபோனதால் 95 கிராம்தான் நிற்கிறது என்று வையுங்கள். 95இல் 6 என்றால் 6.3 சதவீதம். கொழுப்பு கூடிவிட்டது என்று எழுதலாம், ஆனால் புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை. பக்கற்றிலோ இணையத்திலோ முளைத்த தானியத்தின் சத்து விபரம் கண்டால், ஈரமாக நிறுத்ததா காயவைத்து நிறுத்ததா என்று முதலில் பாருங்கள். அது எழுதப்படாத அட்டவணையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

விற்றமின் ஈ விடயத்தில் இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்கிறது. கொழுப்பு காற்றில் கெடாமல் இருக்கத் தன்னைப் பலி கொடுப்பதுதான் தொக்கோபெரோலின் தொழில். முளைக்கும் விதையில் சுவாசம் வேகமெடுக்கும்போது அதில் ஒரு பகுதி செலவாகிறது. அதே நேரம் நாற்று புதிதாகவும் செய்கிறது. காமாவை அல்பாவாக மாற்றும் நொதியமும் செடியிடம் உண்டு. பச்சை இலையில் பெரும்பாலும் அல்பாதான் இருக்கும் என்பதால், வெளிச்சத்தில் வைத்து, நாற்றின் முதல் இலையான வித்திலை பச்சை பிடிக்கும்வரை விட்டால் கூட்டத்தின் சாய்வு அல்பா பக்கம் போகும். இனம், வெப்பம், வெளிச்சம், நாள் என்று ஒவ்வொன்றையும் பொறுத்து இந்த வரவும் செலவும் மாறுவதால் ஆய்வு முடிவுகள் கூடியும் குறைந்தும் வருகின்றன. விற்றமின் ஈ தண்ணீரில் கரையாது, ஆகவே ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிடுவதால் அது போகாது. ஊறல் தண்ணீரோடு போகக்கூடியது போலேற்று போன்ற பீ வகை விற்றமின்கள்.

சரி, நல்லதையே எடுத்துக்கொள்வோம். முளைத்ததால் அல்பா இரட்டிப்பானது என்றே வையுங்கள். 50 கிராமில் கிடைத்த 1.2 மில்லிகிராம் 2.4 ஆகும். அதற்கு ஒரு கை, 30 கிராம், பச்சைக் கச்சானே (நிலக்கடலை) போதும், அதில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. வறுத்தால் குறையும், ஆனால் அளவாக வறுத்த ஒரு கை கச்சான்கூட அந்த 50 கிராம் கினோவாவுக்குத் தாழ்ந்ததில்லை. சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 5 மில்லிகிராமுக்கு மேல். நம் வீடுகளில் கறிக்கும் பொரியலுக்கும் ஊற்றுகிற தேங்காய் எண்ணெயில் விற்றமின் ஈ இல்லை என்றே சொல்லலாம், 100 கிராமில் 0.1 மில்லிகிராம். ஆகவே விற்றமின் ஈக்காகக் கினோவாவை முளைக்க வைப்பது வீண் பாடு என்பது எங்கள் முடிவு.

முளைக்க வைப்பதற்கு வேறு நியாயங்கள் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்பிடித்து வைக்கும் பைட்டிக் அமிலம் முளைக்கும்போது உடைகிறது. மணி மென்மையாகும், இனிப்பு கொஞ்சம் கூடும், அவிய நேரம் குறையும். இவை வேண்டும் என்றால் தொடருங்கள்.

ஓரிரவு முளையும் மூன்று நாள் முளையும்

நம் ஊர் வெக்கைக்கு இந்த இரண்டுக்கும் இடையே போட்டியே இல்லை. புத்தகங்களில் சொல்லும் நேரம் 20 முதல் 25 பாகை வெப்பத்துக்கானது. மட்டக்களப்பில் குசினிக்குள் 30 பாகை சாதாரணம். கினோவா இயல்பிலேயே வேகமாக முளைக்கும் விதை, இந்தச் சூட்டில் மணிக்கணக்கிலேயே முளைவேர் வெளியே தெரிந்துவிடும். அதே சூட்டில் பற்றீரியாவும் அதே வேகத்தில் பெருகுகிறது. மூன்றாம் நாள் பச்சை வித்திலையில் அல்பா கூடலாம் என்பது கடதாசியில் சரி. சட்டியில் அந்த நேரம் வேர்கள் பின்னிப் பாய்போல் ஆகி, நடுவில் சூடு பிடித்து, அடியில் வழுவழுப்புத் தட்டியிருக்கும். 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளையில் ஏறிய ஈ-கோலைக் கிருமியால் 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முளை என்றாலே பச்சையாகத் தின்பது என்ற பழக்கத்தை நம் காலநிலையில் விட்டுவிடுவது நல்லது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கட்டாயம் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

முதலில் ஒரு சோதனை. எண்ணி 50 மணிகளை ஈரச் சீலையில் போட்டு மூடிவைத்து, அடுத்த நாள் முளைத்ததை எண்ணுங்கள். 40க்குக் குறைந்தால் அந்தப் பக்கற் அவிக்க மட்டும்தான். சபோனின் என்ற கசப்புப் போக ஆலையில் தீட்டிவரும் மணிகளில் இது அடிக்கடி நடக்கும். முளையம் விளிம்பில் இருப்பதால் தோலைத் தீட்டும்போது அதுவும் அடிபடுகிறது. முளைக்காத மணிகள் மற்றதோடு சேர்ந்து ஊறிப் புளித்து முழுவதையும் கெடுக்கும்.

தேறினால் 100 கிராம் எடுத்து, தண்ணீர் விட்டு இரு கையாலும் தேய்த்துக் கழுவுங்கள். நுரை வரும். சவர்க்கார நுரை போன்ற அதுதான் சபோனின். நான்கைந்து தண்ணீர் மாற்றி நுரை நின்றபின், நாக்கில் ஒரு மணி வைத்துக் கசப்பில்லை என்று பார்த்து, மூன்று மடங்கு தண்ணீரில் 2 முதல் 3 மணித்தியாலம் ஊறவிடுங்கள். இராத்திரி முழுக்கப் பயறுபோல் ஊறவைப்பதுதான் அதிகம் பேர் விடும் பிழை. சின்ன மணி மூச்சுமுட்டிச் செத்துவிடும், காலையில் புளிச்ச மணம் எழும். கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குடிக்கும் தண்ணீரையே பாவியுங்கள்.

வடித்ததும், ஓட்டை சின்னதான வடியில் அல்லது மெல்லிய சீலை விரித்த சுளகில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடிக்காமல் பரப்புங்கள். ஓலைப்பெட்டியில் குவித்துக் கட்டிவைக்கும் பயற்று முறை இங்கே சரிவராது, குவியலுக்குள் சூடு ஏறும். 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கழுவி நன்றாக வடியுங்கள். மணிக்கூட்டைவிடக் கண்ணை நம்புங்கள். வேர் மணியின் குறுக்களவுக்கு வந்ததும், ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், நிறுத்துங்கள். பின்னேரம் கழுவி இரவு பரப்பினால் அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் இடையில் அந்த இடத்துக்கு வந்துவிடும். அன்றே அவித்துவிடுங்கள்.

வேரில் வெள்ளைப் பஞ்சுபோல் கண்டால் பூஞ்சணம் என்று உடனே கொட்டிவிட வேண்டாம். ஒரு தரம் கழுவிப் பாருங்கள். வேரில் இயல்பாக எழும் நுண்மயிரான வேர்த்தூவி என்றால் தண்ணீர் பட்டதும் வேரோடு படிந்து மறைந்துவிடும். பூஞ்சணம் சிலந்தி வலைபோல் மணிக்கும் மணிக்கும் இடையில் ஓடும், கழுவினாலும் போகாது, மணத்திலேயே தெரியும். பூஞ்சணம் என்றால் தரம்பிரிக்காமல் முழுவதையும் எறியுங்கள்.

முளைத்ததை அவிக்கத் தண்ணீர் குறைவாகவே போதும், மணியின் மட்டத்துக்கு மேல் ஒரு விரல் மொத்தம்கூட வேண்டாம். 8 நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்ப்பூவோ முதற்பாலோ சேர்ப்பது ருசிக்கு மட்டுமில்லை, விற்றமின் ஈ குடலில் ஏறக் கொழுப்பு வேண்டும்.

மா இடிப்போருக்கு

உண்மையில் விற்றமின் ஈ தொலைகிற இடம் முளை இல்லை, மா. விதைக்குள் கொழுப்பும் லைப்பேசும் காற்றும் தனித்தனி அறையில் இருக்கின்றன. அரைத்ததும் மூன்றும் ஒன்றாகக் கலக்கின்றன. முளைத்த விதையில் லைப்பேசு ஏற்கெனவே விழித்து நிற்பதால் முளைத்த கினோவா மா, முளைக்காத மாவைவிட முந்திக் காறும். காறத் தொடங்குமுன் தொக்கோபெரோல் செலவாகி முடிந்திருக்கும். அதாவது மூக்குக்குக் காறல் தெரியும்போது விற்றமின் ஈ போய்க் கன நாள்.

குரக்கனில் பழகிய கை இங்கேதான் ஏமாறும். குரக்கனில் கொழுப்பு 100 கிராமுக்கு 2 கிராமுக்குள், முளைக்க வைத்து வெயிலில் காயவைத்து அரைத்தால் மாதக்கணக்கில் நிற்கிறது. கினோவாவில் கொழுப்பு அதைவிட மூன்று மடங்குக்கு மேல், அதுவும் கெடுகிற வகைக் கொழுப்பு. அதே முறை இதற்குத் தோற்கும்.

செய்தே ஆகவேண்டும் என்றால் காலம் பார்த்துச் செய்யுங்கள். கச்சான் காற்று என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், மெல்லியதாகப் பரப்பிய முளை ஒரே பகலில் காயும். நேர் வெயிலில் திறந்து வைக்காமல் மேலே ஒரு மெல்லிய வெள்ளைச் சீலை போடுங்கள். காற்றுப் போகும், தொக்கோபெரோலைத் தின்னும் வெளிச்சம் குறையும், இலையானும் வராது. மாரியில் இந்த வேலைக்கே போகவேண்டாம். இரண்டு நாள் அரைகுறை ஈரத்தில் கிடந்தால் முளை வளர்ந்துகொண்டே இருக்கும், பூஞ்சணமும் கூடவே வளரும். உலர்த்தும் பெட்டி இருந்தால் 50 முதல் 55 பாகை.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பழைய வழி. உலர்ந்த உப்பு ஒரு தேக்கரண்டியும் ஒரு கை மணியும் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் இன்னும் ஈரம். ஒட்டாவிட்டாலும் கடித்துப் பாருங்கள், பல்லுக்கு நெளியாமல் 'டிக்' என்று உடைய வேண்டும். அதன் பிறகு தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் மணம் எழும்வரை வறுத்தெடுங்கள், அது லைப்பேசை அடக்கும். அரிசிமாவை வறுக்கிறமாதிரி நிறம் மாறும்வரை வறுத்தால் காக்க நினைத்த விற்றமினையே எரிக்கிறீர்கள்.

காய்ந்த முளையை மணியாகவே வைத்துக்கொண்டு, இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் அரைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு. அரைத்ததை வெளிச்சம் புகாத ரின்னில் விளிம்புவரை நிரப்பிப் பிரிட்ஜில் வையுங்கள். கடைக்குப் போடுவோர் பார்வைக்கு அழகாயிருக்கிறது என்று கண்ணாடிப் பையில் அடைத்து வெயில் படும் தட்டில் தொங்கவிடுவதைக் காண்கிறோம். மாவின் ஆயுளை அரைவாசியாக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

யார் எதை எடுப்பது

வீட்டில் ஒருவர் சோற்றுக்குப் பதிலாகக் கினோவா உண்கிறார் என்றால் கழுவி அப்படியே அவிப்பது போதும். முளைக்க வைக்காததால் கொழுப்பிலோ விற்றமின் ஈயிலோ அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. மரக்கறி மட்டும் உண்பவர், இரும்புச்சத்துக் குறைந்தவர் என்றால் ஓரிரவு முளைக்குப் பலன் உண்டு, அதோடு ஒரு துண்டு தேசிக்காய்ப் புளியும் சேரட்டும். மூன்று நாள் முளையை இந்தக் கரையில் யாருக்கும் நாங்கள் சொல்லமாட்டோம்.

பிள்ளைகளின் சத்துமாவுக்கு முளைத்த கினோவாவைவிட முளைத்த குரக்கனும் பயறும் மேல். குரக்கனில் கல்சியம் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல், முளைத்த குரக்கன் மாவில் கஞ்சி இளகலாக வருவதால் கூடுதல் மா சேர்த்துக் காய்ச்சலாம், பயறு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலேயே விளைகிறது. கினோவாவும் சேரத்தான் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், ஒரு கிலோவுக்கு முளைத்த குரக்கன் 700 கிராம், வறுத்த பயறு 200 கிராம், கழுவிக் காயவைத்து மெல்ல வறுத்த முளைக்காத கினோவா 100 கிராம் என்ற அளவு தாங்கும்.

விற்றமின் ஈக்கும் நல்ல கொழுப்புக்கும் கச்சானைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கச்சானை வீட்டில் முளைக்க வைக்கவேண்டாம். ஈரக் கச்சானில் பிடிக்கும் பூஞ்சணம் அவ்லாரொட்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது அவித்தாலும் போகாது. நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு வறுத்து, மாவோடு சேர்த்து அரைக்காமல் தனியாக ஒரு போத்தலில் வைத்து, கஞ்சி இறக்குகிற நேரம் ஒரு மேசைக்கரண்டி இடித்துப் போடுங்கள்.